பேயடோபியா: எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விகள்

லண்டன் பாடகி பீபடூபியின் ‘பேயடோபியா’ ஆல்பத்தை, வளர்வதைப் பற்றிய டிரீம் பாப் ஆல்பம் என்று சொல்லி, யார் கிடைத்தாலும் போட்டுக் காட்டுவது எனக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. அக்கா வீட்டில், ஆபீஸ் கேபில், ரயிலில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம்கூட. கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பிடித்தது, பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சந்தேகங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி அனுப்பிய பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாரு இந்தப் பொண்ணு? பேரே வாயில நுழையலையே!

உண்மையான பெயர் பியாட்ரிஸ் லாவ்ஸ். 2000 ஜூன் 3 அன்று பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரத்தில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்து அங்கேயே வளர்ந்தார். ஏழு வருடம் வயலின் கற்றுக்கொண்டார். பதினேழு வயதில் பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள், அந்தச் சமயத்தில் அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அதில் யூடியூப் பார்த்துப் பழகி எழுதிய முதல் பாட்டுதான் 2017-ல் வந்த ‘காஃபி’.

பீபடூபி என்பது நண்பர்களுக்காக மட்டும் வைத்திருந்த இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயர். யோசித்து வைத்த மேடைப் பெயர் கிடையாது. முதல் பாட்டைப் போடும்போது அந்தப் பெயரிலேயே போட்டார், அப்படியே ஒட்டிக்கொண்டது.

பேயடோபியான்னா என்ன? பேய்க் கதையா?

இல்லை. Beatopia என்ற எழுத்தைப் பார்த்தால் ‘பீடோபியா’ என்று படிக்கத் தோன்றும், ஆனால் அவர் சொல்வது பே-ய-டோ-பி-யா என்றுதான். நம் காதில் அது பேய் என்று விழுகிறது, அவ்வளவுதான்.

பியாட்ரிஸ் ஏழு வயதில் கற்பனையாக உருவாக்கிய ஒரு உலகத்தின் பெயர் அது. அதற்கு வரைபடம் இருந்தது, நாடுகளுக்குப் பெயர் இருந்தது, தனியாக ஒரு எழுத்து வரிசையே இருந்தது. அது வகுப்பில் எல்லோர் பார்வைக்கும் வந்தபோது கேலிச் சிரிப்புதான் கிடைத்தது. அதோடு அந்தக் குழந்தை அந்த உலகத்தை மூடி வைத்துவிட்டது. அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பதினைந்து வருடம் கழித்து, 2022 ஜூலை 15 அன்று வெளிவந்த தன் இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்த விஷயமே இதுதான். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பாடகியாக ஆன பிறகு, எதைக் காட்டி வெட்கப்பட்டாரோ அதையே எடுத்து அட்டையில் எழுதிவிட்டார்.

அக்கா, டிரீம் பாப்னா என்ன? தூங்கறதுக்குப் போடற பாட்டா?

தூக்கம் வந்தால் தப்பில்லை, ஆனால் அதற்காகச் செய்தது இல்லை. ஒரு சின்ன சோதனை செய்து பார். கூட்டம் இல்லாத நேரத்தில் பெரிய கோயிலின் பிரகாரத்தில் நின்று மெதுவாக ஒரு வரி பாடு. வார்த்தை முடிந்த பிறகும் சத்தம் தூண்களுக்கிடையில் கொஞ்ச நேரம் நிற்கும், அடுத்த வார்த்தை அதன்மேல் போய் விழும், இரண்டும் கலந்து எது எங்கே முடிந்தது என்றே தெரியாது. அந்த உணர்வை ஒரு சின்ன ரூமுக்குள் உட்கார்ந்தபடி வரவழைக்கிற கருவிதான் ரிவர்ப். அதனுடன் எதிரொலி தருகிற டிலே, ஒரே கிட்டார் சத்தத்தை இம்மி தள்ளி, சுருதியை இம்மி அசைத்து மறுபடி அடுக்குகிற கோரஸ். குரலை முன்னால் நிறுத்தாமல் மற்ற வாத்தியங்களோடு ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். பாடுகிறவர் ஓங்கிப் பாடமாட்டார். மொத்தத்தில் பனி மூடிய கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

டிரீம் பாப் என்ற பெயர் 1980-களின் கடைசியில் லண்டனில் புழக்கத்துக்கு வந்தது. ஏ.ஆர்.கேன் இசைக்குழுவின் அலெக்ஸ் அயூலி தங்கள் இசையைச் சொல்லப் பயன்படுத்திய வார்த்தை என்பார்கள். அதற்கு முன்பே ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ் குழு இந்த மாதிரி இசையைச் செய்துகொண்டிருந்தது. அதன் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடுவது எந்த மொழி என்றே பல பாட்டுகளில் கண்டுபிடிக்க முடியாது. பிறகு மாஸி ஸ்டார், இந்தக் காலத்தில் அமெரிக்காவில் பால்டிமோரின் பீச் ஹவுஸ் என்று அந்தக் குழுக்களின் வரிசை நீள்கிறது.

இதுல கிட்டார் எல்லாம் இரைச்சலா இருக்கே. இது டிரீம் பாப்தானா?

நியாயமான கேள்வி. முழுக்க டிரீம் பாப் என்று சொன்னால் அது பொய். ‘டாக்’ என்ற பாட்டு நேரடியான ராக், தொண்ணூறுகளின் கிட்டார் இரைச்சல். ‘தி பர்ஃபெக்ட் பேர்’ பிரேசிலின் மென்மையான போசா நோவா இசைச் சாயலில் ஆடிக்கொண்டே போகும். ‘சன்னி டே’ 2000-களின் ஆர் அண்ட் பி வாசனை அடிக்கும். ‘ரிப்பிள்ஸ்’ கிட்டத்தட்ட ஃபோக்.

ஆனாலும் நான் இதை டிரீம் பாப் அலமாரியில்தான் வைப்பேன். முதல் பாட்டில் பல குரல்கள் சேர்ந்து மந்திரம் ஓதுவதுபோல முனகுவதையும், ‘சீ யூ சூன்’ பாட்டில் குரல் மிதப்பதையும் கேட்டால் ஏன் என்று புரியும். அதைவிட, தலைப்பே ஒரு குழந்தை கண்ட கனவு. ஒரு ஏழு வயதுக் குழந்தையின் நாட்டில் எல்லா வகை இசையும் இருக்கத்தான் செய்யும், வகை பிரிக்கிற வேலை பெரியவர்கள் கொண்டு வந்தது.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு வரி காதுல விழவே மாட்டேங்குது. கேட்டு என்ன பிரயோஜனம்?

மூன்றாவது கேள்வியில் சொன்ன கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை இசையில் வரி தெளிவாகக் கேட்காமல் இருப்பது பாதி நேரம் வேண்டுமென்றே செய்வது. இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் முதல் தடவையில் எல்லாம் புரிந்துவிடாது. நானே ‘ரிப்பிள்ஸ்’ பாட்டை மாதக்கணக்கில் அர்த்தம் பார்க்காமல்தான் கேட்டேன். ஒரு நாள் ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம், மழை பெய்து ஓய்ந்திருந்தது, கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, பாட்டில் கிட்டார் முன்னால் தனியாக வந்து பின்னால் வயலின்கள் மெல்ல எழும் இடம் வந்தது. எனக்குக் காரணமே இல்லாமல் தொண்டை அடைத்தது. அன்றைக்கு ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

அப்புறம் வரிகளைத் தேடிப் படித்தேன், இன்னும் பிடித்தது. அந்த வரிசையிலேயே செய்யுங்கள் என்பேன். முதலில் காது, பிறகு வரி.

எந்தப் பாட்டுல ஆரம்பிக்கறது? வரிசையாத்தான் கேட்கணுமா?

மொத்தம் 14 பாட்டு, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் தடவை வரிசையாகக் கேட்பது நல்லது, ஏனென்றால் அந்த முதல் பாட்டு வாசல் மாதிரி, அதைத் தாண்டிப் போனால்தான் ஊருக்குள் நுழைந்த உணர்வு வரும். நேரம் இல்லையென்றால் ‘சீ யூ சூன்’, ‘தி பர்ஃபெக்ட் பேர்’, ‘ரிப்பிள்ஸ்’, இந்த மூன்று போதும். ராக் பிடிக்கும் என்றால் ‘டாக்’.

ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். போன் ஸ்பீக்கரில் அந்த அடுக்குகள் எல்லாம் நசுங்கி ஒரே தட்டையாக வரும், பிறகு என்னிடம் வந்து சப்பென்று இருக்கிறது என்பீர்கள்.

வளர்றதைப் பத்தின ஆல்பம்னு சொன்னே. பாதி பாட்டு லவ் சாங்தானே?

ஆமாம், பாதி காதல்தான். ஆனால் பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஒருவர் வளர்வது பெரும்பாலும் அந்த வழியாகத்தானே நடக்கிறது? யாரையோ காயப்படுத்தி, யாரிடமோ காயப்பட்டு, நாம் நினைத்த அளவுக்கு நல்லவர் இல்லை என்று தெரிந்துகொள்வது. ‘10:36’ கேட்டுப் பாருங்கள். கேட்க உற்சாகமாக இருக்கும், விஷயம் அப்படி இல்லை. தனியாகத் தூக்கம் வராததால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள்மேல் அப்படி ஒன்றும் பிரியம் இல்லை. தன் சுயநலத்தை மறைக்காமல் சொல்கிற பாட்டு. காதல் பாட்டு என்று அதை வகைப்படுத்தினால் கணக்கு சரியாக வராது.

‘புரோக்கன் சிடி’ என்று ஒன்று உண்டு. நாம் கீறல் விழுந்த ரெக்கார்டு என்போமே, அவருடைய தலைமுறைக்கு அது சிடி. ஒரு பழைய வலியில் மனசு மாட்டிக்கொண்டு அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது. இவ்வளவு நாள் ஆகியும் இதை விட முடியவில்லையே என்ற கூச்சமும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. வலியைச் சொல்கிற பாட்டு ஆயிரம் இருக்கும், வலி இன்னும் போகவில்லையே என்கிற கூச்சத்தைச் சொல்கிற பாட்டு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

22 வயசுல என்னத்த வளர்ந்து முடிச்சிட்டாங்க, அதுக்குள்ள திரும்பிப் பார்க்க?

இந்தக் கேள்வியை என் பெரியப்பா கேட்டார். அவரிடம் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. போன வருடம் அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். பென்சிலில் வரிசையாக எழுத்துகள், எந்த மொழியிலும் இல்லாதவை. ஒன்று தண்ணீர்க் குழாய் மாதிரி, ஒன்று இரண்டு கால் வைத்த பூஜ்ஜியம், ஒன்றின்மேல் மட்டும் அழித்து அழித்துத் தாள் கிழிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. இது என்னடா என்றேன். முதலில் முகம் மலர்ந்து “சித்தி, இது ‘ங்’ மாதிரி, ஆனா மூக்குல சொல்லக் கூடாது” என்று ஆரம்பித்தாள். அதற்குள் வீட்டுக்கு யாரோ வந்தார்கள். சட்டென்று நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எட்டே வயதுதான், அதற்குள் எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

வளர்வதில் ஒரு பகுதி இதுதான் என்று நினைக்கிறேன், ஒவ்வொன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வது. அது 22 வயதுக்கு ரொம்ப முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பலர் மறைத்த இடத்தையே மறந்துவிடுகிறார்கள். பியாட்ரிஸ் மறக்கும் முன்பே திரும்பிப் போயிருக்கிறார். அதனால் பெரியப்பா, 22 எனக்குச் சீக்கிரமாகப் படவில்லை.

டிக்டாக்ல வந்து பிரபலம் ஆனவங்கதானே? அதுல என்ன பெரிய ஆழம் இருக்கப் போகுது?

முதல் பாட்டான ‘காஃபி’யை கனடாவைச் சேர்ந்த பவ்ஃபூ என்பவர் எடுத்துத் தன் ராப் பாட்டுக்குள் வைத்தார். அது 2020-ல் டிக்டாக்கில் பற்றிக்கொண்டு ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி தடவைக்கு மேல் கேட்கப்பட்ட பாட்டாக ஆனது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வருகிற பெண் குரல் இவருடையதுதான், நீங்களும் கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல். ஆனால் அதற்கு முன்பே, 2018-ல், டர்ட்டி ஹிட் என்ற லண்டன் இசை வெளியீட்டு நிறுவனம் இவரைச் சேர்த்துக்கொண்டாயிற்று. அதே வருடத்திலிருந்து ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்புகளான ஈ.பி.கள் வெளிவந்துகொண்டே இருந்தன. டிக்டாக் கூட்டத்தைக் கொண்டு வந்தது, பாட்டை அது எழுதவில்லை.

இன்னொன்று. பெட்ரூமில் எழுதிய ஒரு சின்னப் பாட்டின் துண்டு உலகம் முழுக்க ஓடினால், அடுத்த பாட்டும் அதே மாதிரி வேண்டும் என்று எல்லாப் பக்கமும் இழுப்பார்கள். இவர் முதல் ஆல்பமான ‘ஃபேக் இட் ஃப்ளவர்ஸ்’ஸை (2020) அதற்கு நேர் எதிராக, சத்தமான கிட்டாரோடு செய்தார். இரண்டாவதில் இந்தக் கனவு நாடு. எனக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது, நல்ல அர்த்தத்தில்.

பெரிய ஆளுங்க எழுதிக் கொடுத்த பாட்டுன்னு கேள்விப்பட்டேனே?

டர்ட்டி ஹிட்டில் இருக்கிற இன்னொரு குழு தி 1975. அதன் பாடகர் மேட்டி ஹீலி ‘பிக்சர்ஸ் ஆஃப் அஸ்’ பாட்டை எழுதியதில் பங்கு வகித்தார். 2021-ல் வந்த ஒரு ஈ.பி.யிலும் அவரும் அதே குழுவின் ஜார்ஜ் டேனியலும் கூட வேலை செய்தார்கள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த ஆல்பத்தின் முக்கியக் கூட்டாளி ஜேக்கப் பக்டென், பியாட்ரிஸின் பேண்டிலேயே கிட்டார் வாசிக்கிறவர். ‘டோன்ட் கெட் தி டீல்’ பாட்டில் கேட்கிற ஆண் குரலும் ஜேக்கப்புடையதுதான். வெளி விருந்தாளி என்று பார்த்தால் இன்னொரு இளம் பாடகி பிங்க்பேந்தரஸ் ஒரு பாட்டில் குரல் கொடுத்திருக்கிறார். கூட வேலை செய்தவர் பிரபலம் என்பதால் பாட்டு அவருடையது ஆகிவிடாது. ஏழு வயதில் வரைந்த வரைபடத்தை யாரும் எழுதிக் கொடுக்க முடியாதே.

பிலிப்பைன்ஸ்ல பிறந்தவங்க, ஆனா பாட்டுல அது ஒண்ணுமே தெரியலையே?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸ் வாத்தியமோ மொழியோ இந்த ஆல்பத்தில் முன்னால் வந்து நிற்காது. வீட்டில் பிலிப்பைன்ஸ் பாப் பாட்டுகளோடு வளர்ந்தவர் அவர். டீன் ஏஜில் அமெரிக்க இண்டி பாடல்கள் பக்கம் போனார். இரண்டும் சேர்ந்துதான் அந்த மெட்டுகள் வந்திருக்கின்றன, ஆனால் கோடு போட்டு இது அது என்று பிரிக்க என்னால் முடியாது.

நான் பார்ப்பது வேறு இடத்தில். மூன்று வயதில் நாடு மாறி வந்த ஒரு குழந்தை, ஏழு வயதில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு நாடும் எழுத்தும் செய்துகொள்கிறது. இதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நாடு மாறாத குழந்தைகளும் செய்வார்கள், என் அக்கா மகளே சாட்சி. ஆனால் ஆல்பத்தைக் கேட்கும்போது அந்த நினைப்பு எனக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறது.

அடுத்த ஆல்பம் இதைவிட நல்லா இருக்காமே? அப்ப இதை விட்டுட்டு அதையே கேட்கலாமா?

‘திஸ் இஸ் ஹவ் டுமாரோ மூவ்ஸ்’, 2024 ஆகஸ்டில் வந்தது. பிரபல அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் தயாரிப்பு, கலிஃபோர்னியாவில் மாலிபு கடற்கரைப் பக்கம் இருக்கிற அவருடைய ஷாங்ரி-லா ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். பிரிட்டனின் ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ‘பேயடோபியா’ நான்காம் இடம் வரைதான் போனது. சத்தம் சுத்தமாக இருக்கும், குரல் முன்னால் தெளிவாக நிற்கும், வரிகளும் இன்னும் நேரடியானவை. வரி கேட்கவில்லை என்று ஐந்தாவது கேள்வியில் குறைப்பட்டவர்களுக்கு அதுதான் வசதி.

எனக்கு ‘பேயடோபியா’தான். பிந்தைய ஆல்பத்தில் ஒரு பெரிய பெண் தன் தப்புகளைக் கணக்குப் பார்க்கிறார், அதில் நேர்மை அதிகம். இதில் கணக்கு இன்னும் முடியவில்லை. ஒரு பாட்டில் பெரியவர், அடுத்த பாட்டில் குழந்தை, சில இடங்களில் ஒரே பாட்டுக்குள் இரண்டும். நடுவில் ஒன்றிரண்டு பாட்டு தொய்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் கேளுங்கள், வந்த வரிசையில்.

என் பொண்ணுக்கு 14 வயசு. கதவைச் சாத்திட்டு நாள் பூரா இதையே கேட்கறா. சோகமான பாட்டா இருக்கு, நான் கவலைப்படணுமா?

ஆபீஸில் ஒருவர் கேட்டது. கேட்கும்போது அவர் குரல் நடுங்கியதால் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். சில பாட்டுகளில் பெரியவர்கள் சமாச்சாரம் உண்டு, ‘10:36’ பற்றி மேலே சொன்னேன், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி சோகப் பாட்டு கேட்பதே கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. நாமும் அந்த வயதில் ரேடியோவில் சோகப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டியவர்கள்தானே. பாட்டு மட்டும் இல்லாமல் சாப்பாடு, தூக்கம், தோழிகள், பள்ளி எல்லாமே மாறியிருந்தால் அது வேறு, அப்போது பாட்டை விட்டுவிட்டு நேராக அவளிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் போங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், ஏன் இதைக் கேட்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எப்படிக் கேட்டாலும் குற்றம் சாட்டுவதாகத்தான் விழும். இதில் உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள், அவள் போட்டால் முழுசாகக் கேளுங்கள், நடுவில் போனை எடுக்காமல்.

இதை அவரிடம் சொல்லி இரண்டு வாரம் இருக்கும். போன வெள்ளிக்கிழமை கேபில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், பேக்கிலிருந்து மகளுடைய ஹெட்போனை எடுத்தார், ஊதா நிறம், ஒரு பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியது. “ரிப்பிள்ஸாம், அதான் அவளுக்குப் பிடிச்சதாம். அந்த வயலின் வர்ற இடத்தைக் கண்ணை மூடிட்டுக் கேளும்மாங்கறா” என்றார். எங்கள் இறங்குமிடம் வரும்வரை கண்ணை மூடியே இருந்தார்.